ஃபிட்டர் பசங்க மாசக்கணக்கா அரம் பிடிக்கணுமா?

பேட்ச்_பொறுப்பு:
ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பு 2 வருஷம். ஆரம்ப மாசங்கள் பெரும்பாலும் மைல்டு ஸ்டீல் பட்டையை வைஸில் (பிடிப்பானில்) கட்டி அரத்தால் ராவுவதிலேயே (தேய்ப்பதிலேயே) போகிறது. வேலைக்குப் போகிற இடத்தில் நிற்பதோ கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் வி.எம்.சி. (மில்லிங் மெஷின்), சி.என்.சி. லேத் (கடைசல் மெஷின்). ராவுகிற பாடத்தை 3 வாரத்தோடு நிறுத்தி, மிச்ச நேரத்தை மெஷினுக்குக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? ‘அந்தக் காலத்தில் நாங்களெல்லாம்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். காரணம் மட்டும் சொல்லுங்கள்.

பன்னிரண்டு_இஞ்ச்:
காரணம் தானே, சொல்றேன் சார். வைஸ் தாடை முழங்கை உயரத்துல இருக்கணும். அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது முன்கைக்கு அழுத்தம் அதிகம், நடுவுல ரெண்டு கைக்கும் சமம், முடிவுல பின்கைக்கு அதிகம். திரும்பி வரும்போது அழுத்தமே கூடாது. இந்த மாத்தம் கைக்கு வராத பையன் அரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டுவான். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல மேடு நிக்கும். டிரை ஸ்கொயரை (செங்கோண மட்டத்தை) வெச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தா, ரெண்டு பக்கமும் வெளிச்சம் ஒழுகும். தன் தப்பைத் தானே கண்ணால பார்த்து, எங்க எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்றான் பாருங்க, அதை எந்த மெஷின் பாடமும் இவ்வளவு மலிவா சொல்லித் தராது. பட்டை கெட்டா பழைய இரும்பு. மெஷின்ல டூலைச் சுத்துற ஸ்பிண்டில் கெட்டா?

ஜி54:
ஸ்பிண்டில் கெடும்னு பயந்து பையனை மெஷின் பக்கமே விடாததுதான் கோளாறு. ஸ்பிண்டிலை உடைக்கிற தப்பு எதுவும் அரத்துல கத்துக்கிற தப்பு இல்லை அண்ணே. டூல் மாத்திட்டு நீள ஆஃப்செட்டை (மெஷின்ல பதிஞ்சு வெச்ச டூல் நீளத்தை) பழைய நம்பர்லயே விடுறது. ஜி43 (டூல் நீளத்தைக் கணக்குல எடுங்கிற கோடு) போட்டுட்டு, எந்த டூலோட நீளம்னு சொல்ற ஹெச் நம்பரைத் தப்பா அடிக்கிறது. அப்புறம் தசமப் புள்ளி. ஃபனுக் கம்பெனி கன்ட்ரோல் (மெஷினை ஓட்டுற கம்ப்யூட்டர்) இருக்கிற பல மெஷின்ல, எக்ஸ் அச்சு அளவை எக்ஸ்50ன்னு புள்ளி இல்லாம அடிச்சா அது 50 மி.மீ. இல்லை, 0.05 மி.மீ. எக்ஸ்50.0ன்னு அடிக்கணும். பாராமீட்டர் மாத்தி வெச்சிருந்தா புள்ளி இல்லாமலே மி.மீ.யா எடுத்துக்கும். ரெண்டு மெஷின் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு விதமா நிக்கிற ஷாப்பும் உண்டு.

இதுக்கு மருந்து சிங்கிள் பிளாக் (புரோகிராமை ஒவ்வொரு வரியா ஓட்டுறது), ராப்பிட் (வெட்டாம வேகமா நகர்றது) 25 சதவீதம், டூல் ஜாபுக்கு (வெட்டுற பீஸுக்கு) மேல நிக்கும்போது ‘டிஸ்டன்ஸ் டு கோ’வை (இன்னும் போக வேண்டிய தூரத்தை) பார்த்துட்டு அடுத்த பட்டன். இது பழக்கம். பழக்கத்துக்கு மெஷின் முன்னாடி நின்ன மணிக்கணக்குதான் வேணும்.

பன்னிரண்டு_இஞ்ச்:
சரி தம்பி. ஆஃப்செட் எல்லாம் சரி. முதல் செட்டப்ல மேல் பக்கத்தை மில் பண்ணி, திருப்பிக் கட்டுறான். 100 மி.மீ. ஜாப், ஒரு மூலையில 0.1 மி.மீ. பிசிர் (வெட்டின ஓரத்துல துருத்தி நிக்கிற முள்). அதை எடுக்காம பேரலல் (அடியில வைக்கிற சமக்கட்டை) மேல வெச்சு இறுக்கினா, கனம் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 0.1 வித்தியாசம். கன்ட்ரோல் திரையில எல்லா நம்பரும் சரியாத்தான் இருக்கும். பிசிர் இருக்குன்னு விரல் சொல்லணும்.

ஜி54:
பிசிர் எடுக்க ஸ்மூத் அரம் (பொடிப் பல் அரம்), 2 நாள் போதும். ஒரு பருவம் எதுக்கு?

மைக்ரான்:
இருவரும் அரத்தையும் மெஷினையும் பிடித்துக்கொண்டு அளவெடுப்பதை விட்டுவிட்டீர்கள். என் பார்வையில் பெரிய ஓட்டை அங்கேதான். வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு (அது காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. 20 ஹெச்7 துளைக்கு (20 மி.மீ. விட்டம், ஹெச்7 என்பது துல்லியத் தரம்) அனுமதிக்கும் அளவு வித்தியாசம் மொத்தமே 0.021 மி.மீ. அதை வெர்னியரால் பார்த்து ‘ஓகே’ என்று எழுதுவது குருட்டு ஓகே. துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வேண்டும், அதைச் செட் பண்ண அளவு தெரிந்த ரிங் வேண்டும்.

அடுத்தது சூடு. ஷாப் 32 டிகிரி, லேத்தை விட்டு இப்போதுதான் இறங்கிய அலுமினிய ஜாப் 47 டிகிரி. 100 மி.மீ. விட்டத்தில் அது சுமார் 0.034 பெருத்திருக்கும். பையன் மைக்ரோமீட்டரில் 100.034 பார்த்து, வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்த எண்ணில்) 0.034 குறைக்கிறான். அடுத்த பீஸ் சூட்டில் சரியாகக் காட்டும், ஆறியதும் 99.966. அன்றைய லாட் முழுக்கச் சின்னது. இதை அரமும் சொல்லித் தராது, ஜி-கோடும் சொல்லித் தராது.

பேட்ச்_பொறுப்பு:
அப்படியானால் ராவுவதில் வெட்டும் நேரத்தில் பாதி அளவெடுப்பதற்கா?

மைக்ரான்:
ஆம். ஒரே ஜாபை 10 பேர் அளந்து, பார்க்காமல் சீட்டில் எழுதிப் போடட்டும். முதல் நாள் ஒப்பிட்டால் வகுப்பே சிரிக்கும்.

டேப்_முறிந்தது:
டிரில் தீட்டுறதை யாருமே சொல்லலையே! கை வேலையில ஒண்ணை மட்டும் வெச்சுக்கணும்னா நான் அதைத்தான் வெச்சுக்குவேன். நுனிக்கோணம் 118 டிகிரி, ரெண்டு வெட்டு உதடும் ஒரே நீளம். ஒண்ணு நீண்டுட்டா நுனி மையத்தை விட்டு விலகும், துளை டிரில்லை விடப் பெருசா விழும். எம்10 (10 மி.மீ.) மரைக்கு 8.5 டிரில் போட்டு, டேப்பால மரை வெட்டுறோம். 6ஹெச் தர மரைக்கு உள்விட்டம் 8.376லேர்ந்து 8.676 வரைதான் போகலாம். கோணலா தீட்டின டிரில் 8.8 போட்டா டேப் வெண்ணெய் மாதிரி இறங்கும், பையனுக்கு ஒரே சந்தோஷம். உள்விட்டத்தைப் பார்க்கிற நோ-கோ கேஜ் (துளை சரியா இருந்தா நுழையக் கூடாத கேஜ்) உள்ளே போனதும் முகம் மாறும்.

டேப் இறுகினா நேரா இருக்கான்னு முதல்ல ரெண்டு பக்கமும் ஸ்கொயர் வெச்சுப் பாருங்க. ஒரு சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, சீவல் உடையட்டும். குருட்டுத் துளையில (அடி மூடின துளையில) சீவலைத் தட்டி எடுக்காம செட்ல மூணாவது டேப்பை இறக்கினா உடைஞ்சு உள்ளேயே நின்னுடும். அப்புறம் மின்பொறியால அதை அரிச்சு எடுக்கிற ஸ்பார்க் எரோஷன் கடையைத் தேடணும்.

ஜி54:
டிரில் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஷாப்ல இப்ப கார்பைடு டிரில், அதைக் கையால யாரும் தீட்டுறதில்லை.

டேப்_முறிந்தது:
மெயின்டனன்ஸுக்குப் போற ஃபிட்டர் கையில இருக்கிறது ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் தான். ஃபிட்டர் எல்லாரும் வி.எம்.சி. ஆபரேட்டர் ஆகணும்னு யார் சொன்னது? அதுக்குத் தனி டிரேடே இருக்கே.

பன்னிரண்டு_இஞ்ச்:
அதான். பரீட்சையில ஆண்-பெண் ஃபிட்டிங் ஜாப் (ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்துற ரெண்டு பீஸ்) கேட்டா 3 வாரப் பயிற்சிப் பையன் என்ன பண்ணுவான்? சார், குறைக்கிறதுன்னா ராவுறதுக்கு இரும்பைக் குறைங்க. 10 மி.மீ. கனத்துல 3 மி.மீ. ராவச் சொல்றது தண்டனை, பாடமில்லை. அரை மி.மீ. மட்டும் மிச்சம் வெச்சு மில் பண்ணிக் கொடுங்க. பாஸ்டர்டு அரத்துல (கரடு பல் அரம்) 0.3, ஸ்மூத்ல மீதி. பல்லுல சீவல் அடைச்சுக்கிட்டா ஜாப்ல கோடு விழும், சாக்பீஸ் தடவி ராவச் சொல்லுங்க, அரக் கம்பி பிரஷ் ஆளுக்கு ஒண்ணு.

ஜி54:
இதுக்கு நான் சரி. மில் பண்ற வேலையையும் அந்தப் பசங்களே வி.எம்.சி.ல பண்ணட்டும்.

பேட்ச்_பொறுப்பு:
ஒரு மெஷின், 20 பையன்கள். டோக்கன் போட்டாலும் ஆளுக்கு வாரத்தில் 2 மணி தாண்டாதே?

ஜி54:
ரெண்டு பேருக்கு ஒரு ஸ்லாட். ஒருத்தன் பட்டன், இன்னொருத்தன் ‘டிஸ்டன்ஸ் டு கோ’வைச் சத்தமா படிக்கணும். படிக்கிறவன் நிறுத்தினா பட்டன்காரன் கை எடுக்கணும்.