கெட்டிலில் படிந்தது உப்பு இல்லை

நாங்கள் பர்மாவில் இருக்கும் மோல்மேன் ஊர்க்காரர்கள். போன மழைக்காலம் முடிந்ததும் பா-ஆனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சோப்பு லேசில் நுரைக்காது. கெட்டில் அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தது. "உப்பு படிஞ்சிருக்கு" என்றாள் அக்கா. எட்டாவது படிக்கிற அவள் மகன் ஒரு சில்லைப் பெயர்த்து நாக்கில் வைத்தான். "கரிக்கவே இல்லையே சித்தி!"

அவன் கேட்டது நியாயம்தானே? அன்று இரவே அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு எடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரில் குலுக்கி, இறுக மூடி வைத்தோம். (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு பொல்லாதது.) ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் அது கரையும். மீதி அடியில் தங்கிவிட்டது. காலையில் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டோம்.

அதில் கடைச் சோடாவைக் கொஞ்சம் ஊற்றியதும் பால் கலந்த மாதிரி வெளுத்தது. சோடாவில் இருக்கும் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. அது தண்ணீரில் கரையாது, அதனால் வெள்ளைத் தூளாகப் பிரிந்து நிற்கிறது. சரி, இன்னும் ஊற்று என்றேன். ஊற்ற ஊற்ற வெள்ளை மறைந்து தண்ணீர் மறுபடியும் தெளிந்தது! வாயு கூடும்போது அதே பொருள் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துபோகிறது.

அப்புறம் அந்தத் தெளிந்த தண்ணீரை அடுப்பில் வைத்தோம். கொதித்து வாயு வெளியேறியதும் பழையபடி கலங்கியது. நான் சொல்வதற்கு முன்பே பையன் கெட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஸ்வேகபின் மலை. அதுவும் சுண்ணாம்புப் பாறைதான். மழைத் தண்ணீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அந்த மாதிரிப் பாறையைக் கரைத்துத்தான் கிணற்றுக்கு வருகிறது என்று அவனுக்குச் சொன்னேன்.

கெட்டிலில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தோம். சுர்ரென்று நுரைத்தது. பையன் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். "இதுவும் சோடா வாயுதானா சித்தி?" என்றான். அதேதான்.