வார்டில் மாணவர்களின் தொழில்நெறிக்கு எப்படிப் புள்ளி போடுகிறீர்கள்?

தெஹிவளை_டொக்டர்:
கொழும்பில் ஒரு அரச ஆஸ்பத்திரி வார்டில் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். அவர்களின் அப்பொய்ன்ட்மென்ட், அதாவது வார்டில் பயிற்சி பெறும் காலம், முடியும்போது தொழில்நெறிக்கு 10க்கு இத்தனை என்று எழுத வேண்டும், எல்லாருக்கும் 7, 8 போட்டுவிட்டு வருவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. போன வாரம் கேஸ் சொல்வதில் கெட்டிக்காரரான ஒரு தம்பி திரையை இழுக்காமலே ஒரு ஆச்சியின் சட்டையை உயர்த்தி வயிற்றைப் பரிசோதித்தார், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஆச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கல்லீரல் வீக்கத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். இவருக்கு எத்தனை போடுவது?

பழைய_விரிவுரையாளர்:
கடைசி நாளில் ஒரே எண் என்றால் அது உங்கள் மனப்பதிவுதான். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பி-மெக்ஸ் படிவத்தைப் பாருங்கள், 24 நடத்தைகள் இருக்கின்றன: நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாரா, நேரத்துக்கு வந்தாரா, பிழையை ஒத்துக்கொண்டாரா என்று. கண்ணால் கண்டதும் நிரப்ப வேண்டும், அதையும் பல பேர் பல நாள் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2005இல் வந்த ஆய்வில், பிற்காலத்தில் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு ஆளான 235 டொக்டர்களின் மாணவப் பருவக் கோப்புகளைத் தோண்டினார்கள். மற்ற டொக்டர்களை விட அவர்களிடம் பொறுப்பின்மையும் சொன்னாலும் திருந்தாத குணமும் அப்போதே கூடுதலாகத் தெரிந்திருக்கின்றன. ஆகவே திரையை மறந்ததை விட, நீங்கள் சொன்ன பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

வத்தளை_மிஸ்ஸி:
வார்டில் இருக்கும் நேர்ஸ்மார் எங்களையும் கேளுங்கள் சேர். நோயாளியின் பக்கமே போகாமல் பெட் ஹெட் டிக்கெட்டை, அதாவது நோயாளியின் வார்டுக் குறிப்பேட்டை, பார்த்து எழுதிக் கேஸ் சொல்பவர் யார், டிக்கெட்டை எடுத்த இடத்தில் வைப்பவர் யார், சேர் போன பிறகு அட்டெண்டன்ட்மாரிடம் எரிந்து விழுபவர் யார் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

இறுதியாண்டு_தங்கச்சி:
ரவுண்டில் பெரியவர்களே திரை இழுக்காவிட்டால் நாங்கள் எங்கே பழகுவது? அப்புறம், சிங்களம் விளங்காத நோயாளிக்கு என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் மொழிபெயர்க்க வைப்பார்கள், விருப்பத்தோடுதான் செய்கிறேன், ஆனால் அதைக் கண்டு யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை.

தெஹிவளை_டொக்டர்:
தங்கச்சி, முதல் கேள்வி எனக்கும் உறைக்கிறது. அன்று நானும் அதே கட்டிலருகில் நின்றேன், திரையை இழுக்கவில்லை. நாளைக்குத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன். மிஸ்ஸிமாரிடம் கேட்பதும் இந்த மாணவர் குழுவிலிருந்தே தொடங்கும்.