வடகிழக்குப் பருவமழைக்குக் கோழி அடைப்பு: நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிடலாமா?

கடலோரக்கோழி:
பரங்கிப்பேட்டைப் பக்கம், கடலிலிருந்து நாலு கிலோமீட்டர். 25 நாட்டுக்கோழி. வலையடைப்பு 20 அடிக்கு 10 அடி, நீளவாக்கு கிழக்கு மேற்கு. ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் ஆறு கால், ஒன்றரை அடி ஆழத்தில் மண் இடித்து நட்டது, காங்கிரீட் இல்லை. மேலே ஜிஐ ஷீட். வடக்கில் 8 அடி, தெற்கில் 6 அடி உயரம். சுற்றிலும் கோழிவலை மட்டும். தரை வண்டல் களி.

மழை அடித்தால் சாரல் பாதி அடைப்பு வரை வருகிறது, தரை சேறாகிறது. போன வருஷம் கட்டிய 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தார்ப்பாயில் கயிறு கட்டும் கண்களெல்லாம் பிய்ந்து தொங்குகிறது. இந்த முறை 250 ஜிஎஸ்எம் வாங்கி நாலு பக்கமும் மேலிருந்து கீழ் வரை கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா? உமி எவ்வளவு கொட்ட வேண்டும்?

பைப்பும்ஷீட்டும்:
நாலு பக்கமும் கட்டாதீங்க. தார்ப்பாய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஆபத்து. காற்று அடிக்கும் பக்கம் ஒரு இடத்தில் கிழிந்து, மற்ற மூன்று பக்கமும் மூடியே இருந்தால், உள்ளே புகுந்த காற்றுக்குப் போக வழியில்லை. கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று ஏற்கெனவே ஷீட்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேரும்போதுதான் ஷீட் பறக்கும்.

உங்கள் கேஸில் முதல் கோளாறு கூரைச் சரிவு. வடகிழக்குப் பருவத்தில் மழை வருவதே வடக்கு, வடகிழக்கிலிருந்து. உயரமான 8 அடி வாயை அந்தப் பக்கமே திறந்து வைத்திருக்கிறீங்க. சாரல் 45 டிகிரி சாய்ந்தால் கூரை விளிம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் உள்ளே வரும். 8 அடி உயரம் என்றால் 10 அடி அகலத்தில் மிச்சம் 2 அடிதான் நனையாது.

கூரையைப் பிரித்துத் திருப்பிப் போட வேண்டாம். வடக்கில் ஒரு சாய்ப்பு இறக்குங்க: 3 அடி வெளியே நீட்டி, விளிம்பு 7 அடி உயரத்துக்கு வருகிற மாதிரி. 45 டிகிரி சாரல் இந்த விளிம்பைத் தொட்டு வந்தால் வலை இருக்கும் கோட்டில் 4 அடி உயரத்தில்தான் நுழையும். தரையிலிருந்து 4 அடிக்கு ஒரு தடுப்பு வைத்தால் அந்தச் சாரல் முழுக்க நின்றுவிடும், மேலே 4 அடி காற்றோட்டமும் கிடைக்கும். காற்று இன்னும் வேகமாகும் நாளில் தடுப்பை 6 அடிக்கு உயர்த்தலாம். கடைசி 2 அடியை மட்டும் எப்போதும் மூடக் கூடாது.

தடுப்பு இப்படி. கீழே ஒன்றரை அடிக்கு ஹாலோ பிளாக்கோ பழைய சிமெண்ட் ஷீட்டோ. அதற்கு மேல் சுருட்டும் திரை, அடி விளிம்பு நிலையாக, மேல் விளிம்பு கயிற்றில் ஏறி இறங்குகிற மாதிரி. பெரிய பிராய்லர் ஷெட்களிலும் திரை கீழிருந்து மேலேதான் ஏறும். வீட்டு ஜன்னல் திரை மாதிரி மேலிருந்து தொங்கவிட்டால் கோழி படுக்கிற உயரத்தில் காற்று அடிக்கும், மேலே அம்மோனியா தேங்கும். ரெண்டுமே தலைகீழ்.

கண் பிய்ந்ததற்குக் காரணம் 120 ஜிஎஸ்எம் மட்டும் இல்லை. தார்ப்பாயைக் கிழிப்பது படபடவென்று அடித்துக்கொள்வதுதான். கண்ணில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினால் ஒவ்வொரு உதறலும் அந்த ஒரு புள்ளியில் விழும். பதிலாக:

– அடி விளிம்பை இரண்டு சுற்று ரீப்பர் கட்டையில் (மெல்லிய மரச்சட்டம்) சுற்றி, அதன் மேல் இன்னொரு ரீப்பர் வைத்து அடிக்கு ஒரு ஸ்க்ரூ.
– பக்கக் கண்களில் பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குலப் பட்டையாக வெட்டிக் கட்டுங்க. இழுத்தால் கொடுக்கும், பிய்க்காது.
– திரைக்கு வெளியே, மேல் பைப்பிலிருந்து கீழ் பைப்புக்கு 2 அடிக்கு ஒரு நைலான் கயிறு, குறுக்கு மறுக்காக. திரை வெளிப்பக்கம் உப்பாமல் பிடித்துக்கொள்ளும்.

200 ஜிஎஸ்எம் போதும். 250 வாங்கினால் கனம், தினமும் சுருட்ட மாட்டீங்க.

கிழக்குப் பக்கத்துக்குத் தார்ப்பாயே வேண்டாம். 75 சதவீத நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினால் காற்று வேகம் உடைந்து உள்ளே வரும், துளியும் பெரும்பாலும் வலையிலேயே வழிந்துவிடும். தெற்கு, மேற்கு திறந்தே இருக்கட்டும்.

வண்டல்மண்:
மேலே சொன்னது சாரலுக்கு. சேற்றுக்குப் பாதிக் காரணம் சாரல் இல்லை, கூரைத் தண்ணீர். 200 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,850 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 120 குடத்துக்கு மேல். அது முழுக்க உங்கள் 6 அடித் தெற்கு விளிம்பில் ஒரே கோட்டில் கொட்டி, களிமண்ணில் இறங்க முடியாமல் அடைப்புக்குள் திரும்புகிறது.

4 அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஓடுகால் போடுங்கள். 20 அடிக்கு மொத்தம் 2 அங்குலம் வாட்டம், 2 அடிக்கு ஒரு பட்டைக் கிளாம்ப். தண்ணீர் விழும் மூலையிலிருந்து வெளியே போக ஒரு அடி ஆழ வாய்க்கால். வாய்க்கால் எங்கே முடிகிறது என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள், பல வீடுகளில் அது நேராகக் கக்கூஸ் தொட்டிப் பக்கம் போய் நிற்கும்.

புதிய சாய்ப்பின் விளிம்பிலும் இதேபோல ஓடுகால் வேண்டும், இல்லையேல் வடக்கில் இன்னொரு சேறு.

தரை: களியின் மேல் 4 அங்குலம் செங்கல் ஜல்லி, அதன் மேல் 4 அங்குலம் மணல். 200 சதுர அடிக்கு இரண்டும் தலா 67 கன அடி, அதாவது முக்கால் யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் 100 கன அடி) சற்றுக் குறைவு. ஜல்லிக்கும் மணலுக்கும் இடையில் பழைய நிழல்வலை ஒரு சுற்று விரித்தால் மணல் ஜல்லிக்குள் இறங்காது. நன்றாகக் கழுவிய எம்சாண்ட் போதும். தூள் அதிகமுள்ள பூச்சு மணல் வேண்டாம், நனைந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

உமி பற்றிக் கேட்டீர்கள். இரவுக் கூண்டுக்குள் 2 முதல் 3 அங்குலம். வலையடைப்பில் ஒரு பிடி கூட வேண்டாம். நனைந்த உமி தட்டையாக ஒட்டிக்கொண்டு அடியில் பூஞ்சை பிடிக்கும். தென்னைநார்க் கழிவு அதைவிட மோசம், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாற்றங்காலுக்கு அது வரம், கோழிக்கு இல்லை.

ஈரத்தை இவ்வளவு சொல்வது ரத்தக் கழிச்சலுக்காகத்தான். எச்சத்தில் வரும் அந்த ஒட்டுண்ணியின் முட்டை அப்படியே தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். உலர்ந்த தரையில் அந்த வேலை நடக்காது. இளங்கோழிகள்தான் முதலில் விழும்.

கடலோரக்கோழி:
அண்ணே, சாய்ப்புக் கணக்கு புரிந்தது. புயல் வந்தால்? தானே புயல், கஜா புயல் மாதிரி வந்தால் இந்த ஆறு காலும் தாங்குமா? சாய்ப்பு வைத்தால் காற்று இன்னும் தூக்காதா?

பைப்பும்ஷீட்டும்:
தூக்கும். கணக்கே போட்டுப் பார்க்கலாம். காற்றழுத்தத்துக்கு நம்ம ஊர்க் கட்டட விதியில் உள்ள சூத்திரம்: 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், வேகம் நொடிக்கு மீட்டரில். விடை சதுர மீட்டருக்கு நியூட்டனில் வரும், பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ. உங்கள் கூரை 18.6 சதுர மீட்டர், ஆக 250 கிலோ சொச்சம். மணிக்கு 108 என்றால் வேகம் இரண்டு மடங்கு, விசை நாலு மடங்கு: ஏறக்குறைய ஒரு டன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது வேகம் இந்த அளவுதான். 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்கள் மாவட்டத்திலேயே இதைவிட அதிகம்.

மண்ணில் இடித்து நட்ட கால், ஊறிய களியில் மெழுகுவர்த்தி மாதிரி உருவிக்கொண்டு வரும். ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டடி ஆழக் குழி, 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) காங்கிரீட் போட்டால் ஒரு காலுக்கு 135 கிலோ எடை. ஆறுக்கு 810. நீளப் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கால் சேர்த்தால் 1,080. மண்ணின் பிடிப்பு அதற்கு மேல் லாபம். பைப் அடியில் 8 அங்குல நீளக் கம்பி ஒன்றைக் குறுக்கே வெல்டு வைத்துவிடுங்க, இல்லையேல் காங்கிரீட் தரையில் இருக்கும், பைப் மட்டும் வெளியே வரும்.

காலைச் செய்துவிட்டு ஷீட்டை விட்டால் பிரயோசனமில்லை. செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ ரப்பர் வாஷரோடு, ஷீட்டின் மேட்டில். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ஓரத்து வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. காற்று முதலில் பிடிப்பது ஓரத்தையும் மூலையையும்தான்.

சாய்ப்பை வெல்டு வைக்காதீங்க. தனிச் சட்டமாக அடித்து, கிளாம்ப் போல்ட்டில் மாட்டுங்க, கீழே ஒரு முட்டுக் கம்பியோடு. புயல் எச்சரிக்கை வந்தால் ரெண்டு பேர் அரை மணியில் கழற்றிக் கீழே படுக்கப் போட்டு மேலே மண்மூட்டை வைத்துவிடலாம்.

கொட்டகைக்காரர்:
ஒரு திருத்தம். தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கலாம் என்பது பருவமழைக்குச் சரி, புயலுக்கு இல்லை. நம் கடற்கரையில் புயல் கரையேறும் முன் வடக்குக் காற்று. மையம் உங்களுக்குத் தெற்கே கரையேறினால் காற்று கிழக்கு வழியாகத் தென்கிழக்குக்குத் திரும்பும். வடக்கே ஏறினால் மேற்கு வழியாகத் தென்மேற்குக்குத் திரும்பும். எந்தப் பக்கம் மூடினாலும் ஏதோ ஒரு மணி நேரத்தில் அது தப்பான பக்கமாகிவிடும்.

அதனால் அன்றைக்கு எல்லாத் திரையையும் நிழல்வலையையும் கழற்றிவிடுங்கள். காற்று வலை வழியாகப் போகட்டும். கோழிகளை முந்தின சாயங்காலமே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பஞ்சாரம் ஒன்றுக்கு ஐந்தாறு, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், கீழே பழைய சாக்கு. இருட்டில் சத்தம் போடாது. தண்ணீர் வையுங்கள், தீவனம் கொஞ்சமாக. தீவன மூட்டை தரையில் இருக்க வேண்டாம், நனைந்த மக்காச்சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் பிறகு காயவைத்துப் போடுவது விஷம் போடுவதற்குச் சமம்.

இன்னொன்று: களி ஊறி இளகிவிட்டால் பெருச்சாளிக்குத் தோண்டுவது சுலபம், பின்னாலேயே கீரி. ஒரு அங்குல வெல்டு மெஷ்ஷை வலையின் அடியிலிருந்து வெளிப்பக்கம் ஒன்றரை அடி படுக்கையாக விரித்து, மேலே 3 அங்குலம் மண் மூடுங்கள். சாதாரணக் கோழிவலை இதற்கு ஆகாது, மண்ணுக்குள் சீக்கிரம் துருப்பிடித்துப் பொடியாகிவிடும்.

கடலோரக்கோழி:
இரவுக் கூண்டு (6க்கு 4 அடி, பலகை) மழை நாளில் முழுக்க மூடி வைக்கிறேன். காலையில் திறந்தால் கண் எரிகிறது. உமி மாற்றினாலும் ரெண்டு நாளில் அதேதான்.

வண்டல்மண்:
உமி குற்றமில்லை, மூடினதுதான். 25 கோழியின் மூச்சு ஈரமும் எச்ச ஈரமும் வெளியே போக வழியில்லாமல் உமியிலேயே இறங்குகிறது. கோழி குளிரை விட ஈரக்காற்றுக்குத்தான் அதிகம் தோற்கும். படுக்கும் கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு ஒரு அடி மேலே, எதிரெதிர்ப் பலகைகளில் 4 அங்குல உயரத்துக்கு நீளத் திறப்பு வெட்டி, வெல்டு மெஷ் அடித்து, வெளியே மழைத் தட்டு கொடுங்கள். மழை நாளிலும் அதை மூட வேண்டாம்.

உமியை ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பிடித்துவிட்டு மெல்ல உதிர்ந்தால் சரி. தினமும் கிளறிவிட வேண்டும், கட்டிபட்ட இடத்தை மட்டும் அள்ளிக் குப்பைக்குழியில் போட்டுப் புதுசு போட்டால் போதும்.

6க்கு 4 என்றால் 24 சதுர அடி, 25 கோழிக்கு நெருக்கம்தான். கட்டையில் கோழிக்கு 8 அங்குலம் வேண்டும், மொத்தம் சுமார் 17 அடி. 6 அடிக் கட்டை மூன்று, ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளியில், எல்லாம் ஒரே உயரத்தில். ஏணி மாதிரி வைத்தால் மேல்கட்டைக்குச் சண்டை போடும்.

பைப்பும்ஷீட்டும்:
வரிசை முக்கியம்: வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் மழை தொடங்கிவிடும். காங்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆகவே கால்தான் முதல் வேலை, திரை கடைசி. கால் மாற்றும் இரண்டு நாளும் ஷீட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிடுங்க. வெல்டு வைத்த இடத்தில் ஜிஐ பூச்சு எரிந்துபோயிருக்கும், கடல்காற்றில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கசடைத் தட்டி, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடிச்சிட்டுக் குழியில் இறக்குங்க.