கோவாலா கிளமிடியா: குளோராம்பெனிகால் 9-ஆம் நாள், எடை குறைகிறது

கேள்வி – கிளைநிழல்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. வளர்ந்த ஆண் கோவாலா, சிகிச்சைக்குச் சேர்த்தபோது 6 கிலோ. பின்புற ரோமம் பழுப்பேறி ஈரமாக இருந்தது. இடது கண் இமை வீங்கிச் சிவந்திருந்தது. கண், சிறுநீர்த்துளை இரண்டிலும் ஸ்வாப் எடுத்ததில் கிளமிடியா பெகோரம் என்ற பாக்டீரியா, பி.சி.ஆர். பாசிட்டிவ். குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கிலோவுக்கு 60 மி.கி., தினமும் ஒருமுறை தோலடியில், 28 நாளுக்கு. இன்று 9-ஆம் நாள், எடை 5.6. சிறுநீர் நாற்றம் குறைந்துவிட்டது, ஆனால் இலையை முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது. மருந்தை நிறுத்துவதா, டாக்சிசைக்ளினுக்கு மாறுவதா?

பதில் – டானின்

இரண்டையும் முடிவு செய்யும் முன் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கிலும் ஈறிலும் தயிர்த் திட்டு போல வெள்ளை படிந்திருந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை. நுண்ணுயிர்க்கொல்லி ஓடும்போது எளிதில் வரும், வாய் எரிவதால் இலையைத் தொடாது. அதற்கு நிஸ்டாடின் தனியாகக் கொடுக்க வேண்டும்.

வாய் சுத்தமாக இருந்தால் சந்தேகம் குடல் மேல்தான். யூகலிப்டஸ் இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம்; அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிக்கவிடாது. அந்தப் பிணைப்பை உடைப்பது லோனிபினெல்லா கோவாலாரம் போன்ற குடல் பாக்டீரியாக்கள். கிளமிடியாவைக் கொல்லும் மருந்து இவற்றையும் கொல்லும். அதனால்தான் வாய்வழி மருந்தே வேண்டாம் என்கிறோம். ஊசியிலும் ஆபத்து முழுசாகப் போவதில்லை. நோய் குறைந்துகொண்டே வரும், பிராணி பட்டினியில் போய்விடும். மனசு கேட்காத மரணம் அது.

6-லிருந்து 5.6 என்றால் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்தைத் தொடும் வரை காத்திருக்காதீர்கள். காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், புழுக்கைகளைப் பொறுக்கி எண்ணுங்கள். எண்ணிக்கை சரிவது எடைக்கு முன்பே தெரியும். தோள்பட்டை எலும்பின் மேலுள்ள தசையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேடு கூர்மையாகத் தட்டினால் தசை கரைகிறது. ஒரே இனத்து இலையை வைக்காமல் டெரெட்டிகார்னிஸ், டாலோவுட் என்று யூகலிப்டஸ் வகைகளை மாற்றி, இளந்தளிர்க் கிளைகளைத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். நோயில்லை என்று பரிசோதித்த கோவாலாவின் புதுப் புழுக்கையைக் கரைத்துக் கொடுப்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். குட்டிகள் 'பாப்' எனப்படும் தாயின் இளகிய கழிவைத் தின்றுதான் இந்த பாக்டீரியாவைப் பெறுகின்றன. நாம் செய்வதும் அதையேதான்.

பதில் – ஸ்கேன்மேசை

டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 5 மி.கி., வாரம் ஒருமுறை தோலடியில், நான்கு வாரம். தினம் பிடித்து ஊசி போடும் அலைச்சல் மிச்சம். ஆனால் ஊசி போட்ட இடம் வீங்கும், நீர்த்துப் போட வேண்டும், இடம் மாற்ற வேண்டும். குடல் பாக்டீரியா விஷயத்தில் இதுவும் ஒன்றும் சாதுவல்ல. என்ரோஃப்ளோக்சசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியை மாற்றாக நினைக்க வேண்டாம். கோவாலா உடலில் கிளமிடியாவை அடக்கும் அளவு நிற்பதில்லை. யூகலிப்டஸ் நச்சுகளைக் கழிக்கப் பழகிய கல்லீரல் பல மருந்துகளையும் வேகமாகக் கழித்துவிடுகிறது.

குளோராம்பெனிகாலைத் தொடர்வதாக இருந்தால் வாரம் ஒருமுறை ரத்தம் எடுங்கள். எலும்பு மஜ்ஜையை அழுத்தும் மருந்து அது. வடக்கத்திய கோவாலாக்களில் ரெட்ரோவைரஸ் இருக்கவே இருக்கும், ரத்தப் புற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே செல் எண்ணிக்கை குறைந்தால் மருந்தா, நோயா என்று யோசிக்க வேண்டும். ஊசி ஏற்றுபவரும் கையுறை போடட்டும்.

அல்ட்ராசவுண்ட் பார்த்தாயிற்றா? சிறுநீர்ப்பைச் சுவர் தடித்து நாராகிவிட்டால் கிருமி போனாலும் பின்புறம் ஈரமாகவே இருக்கும். சிறுநீரகம் விரிந்திருந்தால் சாப்பிடாததற்கு அதுவே காரணமாகலாம். அப்போது இந்த விவாதமே வேறு.

கிளைநிழல்

வாயில் வெள்ளை இல்லை. ஸ்கேன் நாளைக்கு. முடிவில் ஸ்வாப் நெகட்டிவ் வந்தால் விடுவிக்கலாமா?

பதில் – ஸ்கேன்மேசை

அது மட்டும் போதாது. கிளமிடியா செல்லுக்குள் வாழ்வது. கண்ணில் வழியும் பீளையை மட்டும் தொட்டெடுத்தால் பொய்யான நெகட்டிவ் வரும். முதலில் பீளையைத் துடைத்துவிட்டு, கீழிமையை வெளியே மடித்து, உலர் ஸ்வாப்பை அழுத்தி உருட்டுங்கள். நுனியில் இளஞ்சிவப்பு தெரிந்தால் செல் வந்திருக்கிறது. மருந்து முடிந்ததும் ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. பெண் கோவாலாவில் கருப்பைப் பக்கம் நீர்க்கட்டி இருந்தும் ஸ்வாப் நெகட்டிவ் வருவதுண்டு, அங்கே ஸ்கேன்தான் பேசும்.

பதில் – டானின்

தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஒற்றை டோஸ் ஊசிக்கு 2025 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாற்றாக எண்ண வேண்டாம். ஆனால் குணமாகி அதே காட்டுக்குத் திரும்பும் ஆண், அடுத்த இனப்பெருக்கப் பருவத்தில் மறுபடி தொற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். விடுவிக்கும் முன் போட்டுவிடுவது நல்லது. நாளைக்கு ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் எப்படித் தெரிகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.