இன்டீரியர் டிசைனரா, ஆசாரியே போதுமா? பட்டவர்கள் சொல்லுங்கள்

கோவைக்காரன்:
சரவணம்பட்டியில் 1,150 சதுர அடி ஃபிளாட். தை மாதம் சாவி கைக்கு வருகிறது, உள்ளே இன்னும் பூச்சு வேலை நடக்கிறது. டிசைனர் கொடுத்த கொட்டேஷன் எட்டரை லட்சம். அதே வேலைக்கு அப்பாவுக்குத் தெரிந்த ஆசாரி ஐந்தேகால் லட்சம் என்கிறார். நடுவில் நிற்கும் மூன்றேகால் லட்சம் எதற்கு என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

மேடவாக்கம் அக்கா:
நாங்கள் டிசைனர் வைத்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். ஷோரூமில் காபி கொடுத்து, பெரிய டிவியில் த்ரீடி படம் காட்டினார்கள். கிச்சன் மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் நாலு பச்சை ஆப்பிள். பார்த்ததும் விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டு மேடையில் ஆப்பிள் எந்தக் காலத்தில் இருந்தது? கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் கேன், எண்ணெய்த் தூக்கு, இதெல்லாம்தான் இருக்கும். அதில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

குடிபோன மறுவாரமே சிலிண்டர் மாற்ற வேண்டி வந்தது. மேடைக்கு அடியில் அதற்கென்றே ஒரு கப்போர்டு. ஆனால் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி அடிப்பலகை அடித்திருந்தார்கள். நிறை சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. தரையில் உருட்டிக்கொண்டு வந்துவிடலாம், அந்த நாலு அங்குலம் தூக்குவது யார்? கதவும் முழுசாகத் திறக்காது, ஃபிரிட்ஜில் இடிக்கும். கடைசியில் பலகையை அறுத்து எடுத்தோம். கிரைண்டர் இப்போது வாஷிங் மெஷின் பக்கத்தில், அங்கேதான் பிளக் இருக்கிறது.

இத்தனைக்கும் அதே டிசைனர் பையன் வார்ட்ரோபை அவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தான். 26 வயது. பாவம், வாழ்க்கையில் சிலிண்டர் மாற்றியிருக்க மாட்டான்.

ஓசூர் வாசி:
நான் ஆசாரி கட்சி. பிளைவுட் நானே கடையில் நின்று வாங்கினேன். கிச்சனுக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 தரம். வார்ட்ரோபுக்கு ஓரளவு ஈரம் தாங்கும் 303 பி.டபிள்யூ.ஆர். எட்டுக்கு நாலு ஷீட், முதலில் 34 போதும் என்றார் ஆசாரி, முடிக்கும்போது 41. ஒன்றரை மாத வேலை நாலு மாதம் இழுத்தது. நடுவில் ஊர்த் திருவிழா, அப்புறம் மச்சினன் கல்யாணம். வேலை சுத்தம், அதில் குறையில்லை. ஓரப்பட்டி மட்டும் கையால் ஒட்டியது, சிங்க் பக்கம் எழும்புகிறது. மிச்சம் பிடித்தது இரண்டு லட்சம் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நாலு மாதமும் வாடகை ஒரு பக்கம், ஈ.எம்.ஐ. ஒரு பக்கம் கட்டியதைக் கழித்துப் பார்த்த பிறகு சொல்வதில்லை.

தாம்பரம் ராகவி:
நாங்கள் வரைபடத்துக்கு மட்டும் டிசைனரிடம் 40,000 ரூபாய் கொடுத்தோம், வேலை ஆசாரி செய்தார். முதல் நாள் அந்த அம்மா டேப்பையே எடுக்கவில்லை. வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பீர்கள், மாமியார் மாத்திரை டப்பா எங்கே இருக்கும், நவராத்திரி போக மற்ற நாளில் கொலுப்படி எங்கே இருக்கும் என்று ஒரு மணி நேரம் கேள்விதான். கொலுப்படிக்குக் கட்டிலுக்கு அடியில் இடம் வந்தது. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், ஒன்பதரை அடி உயரத்தைக் கெடுக்காதீர்கள் என்று அவரே தடுத்தார்.

பெரிய லாபம் வேறு. பூச்சு வேலைக்கு முன்பே அவர் வந்துவிட்டதால், சுவரில் காடி வெட்டி பைப் பதிக்கும்போதே கிரைண்டருக்கு, ஓவனுக்கு 16 ஆம்ப் பாயின்ட் எங்கே என்று முடிவாகிவிட்டது. கோவை சார், பூச்சு முடிவதற்குள் பில்டரிடம் போய்க் கேளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு எந்த டிசைனர் வந்தும் உடைக்கத்தான் சொல்வார்.

பெயர் வேண்டாம்:
நான் இந்தத் தொழிலில் இருப்பவள், திட்டாதீர்கள். சதுர அடி ரேட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஏழடிக்கு ஏழடி வார்ட்ரோபை முகப்பளவில், அதாவது முன்பக்கத்தை மட்டும், கணக்கிட்டால் 49 சதுர அடி. சிலர் உள்தட்டு, பக்கப்பலகை எல்லாவற்றையும் தனித்தனியாக அளப்பார்கள். ரேட் குறைவாகத் தெரியும், மொத்தம் ஏறிவிடும். ஹிஞ்ச் (கதவுக் கீல்), சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) என்ன பிராண்டு, பலகை மேல் ஒட்டும் வெளி லாமினேட் 1 மி.மீ.தானா, 18% ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா, எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் எட்டரையும் ஐந்தேகாலும் ஒரே வேலைக்கான கணக்குதானா என்பதே எனக்குச் சந்தேகம்.

கோவைக்காரன்:
மேடம், சந்தேகம் சரிதான். ஆசாரியின் ஐந்தேகாலில் பரண் கதவு, ஹிஞ்ச், கைப்பிடி எதுவுமே இல்லையாம். டிசைனரின் எட்டரையில் ஜி.எஸ்.டி. இல்லையாம். சனிக்கிழமை இருவரையும் சைட்டுக்கே வரச் சொல்லிவிட்டேன், பில்டரின் எலக்ட்ரீஷியனையும் சேர்த்து. அம்மா இப்போதே கிரைண்டரை டேப் வைத்து அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.