தராசுக்கு டிரைவர்: என்டிஏவில் கையெழுத்துப் போடலாமா?

ஆயர்ஈத்தாம்_பையன்:
அப்பாவின் மளிகைக்கடைத் தராசு யூஎஸ்பி வழியாக எடையைக் கணினிக்கு அனுப்பும், விண்டோஸில் மட்டும். கடைக் கணினியில் இப்போது லினக்ஸ். தராசு கணினியோடு எப்படிப் பேசுகிறது என்று விளக்கும் ஆவணத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டேன். ரகசிய ஒப்பந்தத்தில், அதாவது என்டிஏவில், கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். தராசையும் லினக்ஸையும் பேசவைக்கும் மென்பொருளை, அதாவது டிரைவரை, நானே எழுதி, யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் முடிகிற திறந்த மூலமாக வெளியிட ஆசை. போடவா, வேண்டாமா?

செந்தூல்காரன்:
போடாதே தம்பி. பிராட்காம் கம்பெனியின் வைஃபை சிப்புக்கு லினக்ஸில் பி43 என்ற டிரைவர் எப்படி வந்தது? ஒரு குழு அந்த நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் எழுதிவைத்தது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்து நிரல் எழுதியது. நகலடித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2010-இல் பிராட்காமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டால், எது நீயாகக் கண்டுபிடித்தது, எது ஆவணத்தில் படித்தது என்று உன்னாலேயே நிரூபிக்க முடியாது.

லெப்பாஸ்_ஷிப்ட்:
அண்ணே, நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கிற ஆள். ஆவணத்தை மூடிவைப்பவன் எல்லாம் கெட்டவனில்லை லா. சிப்புக்குள் சில பகுதிகள் வேறு கம்பெனியிடம் உரிமம் வாங்கியவை. அதை வெளியே சொல்ல இவர்களுக்கே உரிமை இருக்காது. 2007-இல் லினக்ஸ் நிரலாளர் கிரெக் குரோ-ஹார்ட்மன், கம்பெனிகளுக்கு லினக்ஸ் டிரைவர் இலவசமாக எழுதித் தருகிறோம், தேவையென்றால் என்டிஏவும் போடுகிறோம் என்று அறிவித்தார். ஆவணம் ரகசியம், நிரல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில். அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார், தம்பி.

செந்தூல்காரன்:
நிரல் வெளியே வரும், விளக்கம் வராது. சிப்புக்குள் இருக்கும் இந்த ரெஜிஸ்டரில், அதாவது சின்ன நினைவிடத்தில், ஏன் 37 எழுதுகிறோம் என்று ஒரு குறிப்புப் போடக்கூட பயப்பட வேண்டும். தம்பி கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டால் அடுத்து வருகிறவன் இருட்டில் துழாவ வேண்டியதுதான். ஓபன்பிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் என்டிஏ பக்கமே போகாதது இதனால்தான்.

ஆயர்ஈத்தாம்_பையன்:
நேற்று ராத்திரி கடை மூடியதும் மெய்நிகர் கணினியில் விண்டோஸைப் போட்டு, யூஎஸ்பி வழியே போய்வரும் தரவைக் காட்டும் யூஎஸ்பிமோனில் போக்குவரத்தைப் பார்த்தேன். 400 கிராம் சீனி வைத்தால் நான்காவது ஐந்தாவது பைட்டில் 01 90. 600 கிராமுக்கு 02 58. ஹெக்ஸ், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை! முதல் 01 என்றால் 256, அடுத்த 90 என்றால் 144, கூட்டினால் 400. சந்தோஷத்தில் இன்னொரு கட்டளையை ஊகித்து அனுப்பினேன். இப்போது காலித் தட்டே 35 கிராம் காட்டுகிறது. அணைத்துப் போட்டாலும் போகவில்லை.

லெப்பாஸ்_ஷிப்ட்:
போச்சு. தராசு சரியாக எடை காட்ட உள்ளே சேமித்துவைத்திருந்த திருத்த அளவை அழித்திருக்கிறாய். தராசு சொல்வதைக் கேட்பது வேறு, அதற்குக் கட்டளை சொல்வது வேறு. எந்தக் கட்டளை எதை அழிக்கும் என்பது ஆவணத்தில்தான் இருக்கும். இது வியாபாரத் தராசு வேறு. மலேசியாவில் 1972 எடை அளவைச் சட்டம் இருக்கிறது. சரிசெய்து மறுபடி முத்திரை வாங்கும்வரை அதில் ஒரு கிராம்கூட விற்காதே.

செந்தூல்காரன்:
சரி, அது நியாயம்தான். ஆனால் கடைக்கு எடையைப் படித்தால் போதுமே, தராசுக்கு எதற்குக் கட்டளை? படிக்கிற பகுதியை மட்டும் இன்றைக்கே பதிவேற்று. நீயாகக் கண்டது என்பதற்கு தேதி சாட்சி. கையெழுத்தெல்லாம் அப்புறம்.

ஆயர்ஈத்தாம்_பையன்:
பதிவேற்றிவிட்டேன், எழுதும் கட்டளை ஒன்றுகூட இல்லை. அந்த ஜிபிஎல் வரியைச் சேர்க்கச் சொல்லிக் கம்பெனிக்கும் மின்னஞ்சல் போட்டாயிற்று. அப்பா பரணிலிருந்து பழைய தராசை இறக்குகிறார். இன்னும் என்னோடு பேசவில்லை.