அப்பத்தாவின் மருந்து வேலையை எளிதாக்குவது எப்படி?

கேள்வி: கானாடுகாத்தான் பேத்தி

வணக்கம். என் அப்பத்தாவுக்கு வயது 78. பகலில் மட்டும் ஓர் அம்மாள் துணைக்கு வந்து போக, கானாடுகாத்தான் வீட்டில் தனியாகவே இருக்கிறார்கள். சர்க்கரைக்குக் காலையும் இரவும் இன்சுலின். அது போக ஐந்து மாத்திரைகள். சர்க்கரை குறையவே இல்லை என்று ஊசி அளவை 10 யூனிட்டிலிருந்து 16 யூனிட்டாக உயர்த்தினார்கள். சென்ற மாதமோ இரண்டு முறை சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, பட்டாலையிலேயே சாய்ந்துவிட்டார்கள். மருத்துவமனைச் சீட்டில் "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பதை நாற்பது ஆண்டு கழித்தும் பிசகாமல் சொல்கிறவர்களைப் பற்றி இப்படி எழுதியது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

இரண்டு நாள் உடனிருந்து பார்த்தேன். மாத்திரை அட்டைகளை நறுக்கி ஒரு சம்படத்தில் போட்டிருக்கிறார்கள். பல துண்டுகளில் பெயரே இல்லை. இரண்டு மாத்திரைகள் ஒரே வெள்ளை, ஒரே அளவு. சம்படம் முகப்பை ஒட்டிய அறையில், ஊசிகள் வளவு அறை அலமாரியில், இன்சுலின் இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படி ஃபிரிட்ஜில். ஒவ்வொரு வேளையும் உயரமான நிலைப்படிகளைத் தாண்டி நடக்கிறார்கள். முன்பு வாங்கிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி, இப்போது சிவப்பு மூடி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறார்கள். நோயாளி வீட்டில் செய்யும் இந்த வேலையை முறையாக ஆராயும் துறை ஏதேனும் உண்டா? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1: காரைக்குடி, பொறியியல் ஆசிரியர்

உண்டு. விமான ஓட்டியின் அறையையும் தொழிற்சாலை மேடையையும் மனிதரின் உடலுக்கும் மனத்துக்கும் பொருந்த அமைக்க வளர்ந்த பணிச்சூழலியல், மருத்துவமனைக்குள் நுழைந்தபோது முதலில் மருத்துவரையும் செவிலியரையும்தான் வேலை செய்பவர்களாகப் பார்த்தது. ஆனால் நீண்டகால நோயோடு வாழ்வதே வேலைதான் என்று கோர்பின், ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1985-லேயே எழுதியிருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நோயாளிப் பாதுகாப்புக்காக 2006-இல் வெளியான மாதிரி ஒன்றை 2013-இல் விரிவாக்கியபோது, நோயாளியும் குடும்பத்தாரும் செய்யும் வேலைக்கும் அதில் வெளிப்படையாக இடம் கொடுத்தார்கள். செய்பவர், செய்யும் வேலை, கருவி, இடம், சுற்றியுள்ள மனிதர்களும் ஏற்பாடுகளும் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே அந்த மாதிரியின் அடிப்படை.

"மறதி" என்று பெயர் வைத்துவிட்டால் தேடுவது அத்தோடு நின்றுவிடும். நீங்கள் உட்கார்ந்து பார்த்ததுதான் சரியான தொடக்கம். இனி, விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது, ஊசியின் கோடுகள் அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, புட்டியைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கிறதா என்பதையும் பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்காமல், "எப்படிச் செய்வீர்கள், எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

பதில் 2: தேவகோட்டை, மருந்தாளுநர்

அம்மா, ஊசி மூடியின் நிறத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசி சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 40 யூனிட் புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 4 யூனிட்தான். சர்க்கரை குறையாததற்கும், அளவைக் கூட்டியதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். பிறகு சிவப்பு மூடி வந்ததும் 16 யூனிட்டும் முழுமையாக இறங்கியிருக்கிறது. அப்படியானால் ஆச்சி சொன்னபடியே செய்திருக்கிறார்கள், கருவிதான் மாறியிருக்கிறது. புட்டியில் 40 என்று அச்சிட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து, புட்டி, இரண்டு ஊசிகள், பழைய சீட்டுகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் கேளுங்கள். சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருப்பார்களா? ஊசியை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பாலும் பழமும் மட்டும் எடுத்தாலும் சர்க்கரை இறங்கும். விரத நாளுக்கு என்ன அளவு என்று மருத்துவரிடம் தனியாக எழுதி வாங்குங்கள்.

பதில் 3: பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையோடு இருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். அப்பத்தாவைக் கேட்காமல் எதையும் இடம் மாற்றாதீர்கள். என் மகன் அன்போடு வாங்கி அனுப்பிய ஏழு நாள் டப்பாவின் மூடியை என் விரலால் திறக்க முடியவில்லை. நான் தினசரிக் காலண்டரைத்தான் நம்புகிறேன்: இரவு மருந்து முடிந்த பிறகே அன்றைய தாளைக் கிழிப்பேன். காலையில் பழைய தாள் இருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று தெரிந்துகொள்வேன். ஆனால் இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. புட்டியில் 40 என்றே இருக்கிறது. மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்து அளவைக் குறைத்து, விரத நாளுக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். ஆரஞ்சு மூடி ஊசிகளை வீட்டிலிருந்து அகற்றிவிட்டோம். இரண்டாவது முறை மயங்கியது சஷ்டியன்றுதான். இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார்கள். சம்படத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டதற்கு, சாயங்காலம் விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்து மாடத்தைக் காட்டினார்கள். இனி அட்டையை நறுக்குவதில்லை.